காய்ச்சலும் பாய்ச்சலும்

தஞ்சாவூர்ச் சீமையில் அவசரப்படுகிறவனுக்கு மதிப்புக் கிடையாது. காவேரியே கல்லணையைத் தாண்டியதும் ஓட்டத்தை விட்டுவிட்டு நடக்கத் தொடங்கிவிடுகிறாள். வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, அரசலாறு என்று ஊருக்கொரு பெயரை வைத்துக்கொண்டு, வயலுக்கு வயல் நின்று குசலம் விசாரித்துவிட்டுத்தான் சமுத்திரத்துக்குப் போய்ச் சேருகிறாள். மனிதர்களும் அப்படியே. வெற்றிலை போட்டு முடிகிற வரையில் எந்தக் காரியமும் திண்ணையில் காத்திருக்க வேண்டியதுதான். இப்படிப்பட்ட பூமியில் பிறந்து, இருபது வருஷமாகக் கணக்கு உபாத்தியாயராகவும் காலம் தள்ளிவிட்ட எனக்கு, 'வேகம்' என்றால் தூரத்தைக் காலத்தால் வகுத்தால் வருகிற ஈவு என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது.

ஆகையால் பேரளத்துச் செய்தி என்னைத் தூக்கிவாரிப் போட்டது. 2023-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் ஹங்கேரி தேசத்தின் தலைநகரமாகிய புடாபெஸ்டில் உலகத் தடகளப் போட்டி நடந்தது. நாலு பேர் ஆளுக்கு 400 மீட்டர் வீதம் கோலை மாற்றிக்கொண்டு ஓடும் தொடர் ஓட்டத்தின் தகுதிச் சுற்றில், நம் தேசத்துப் பிள்ளைகள் 2 நிமிஷம் 59.05 விநாடியில் ஓடி, ஆசியாக் கண்டத்தின் பழைய சாதனையை முறித்தார்கள். அமெரிக்கரை அடுத்து இரண்டாவதாக வந்தார்கள். கடைசியில் கோலை வாங்கிக்கொண்டு அந்த அமெரிக்கரின் நிழலை மிதிக்கிறாற்போல் ஓடியவர் ராஜேஷ் ரமேஷ். ஊர், திருவாரூர் ஜில்லாப் பேரளம். ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக வேலை பார்த்தவர். அந்த அக்டோபரில் சீனாவின் ஹாங்சௌ நகரில் நடந்த ஆசிய விளையாட்டில் அதே நால்வரும் தங்கம் வாங்கிக்கொண்டு திரும்பினார்கள்.

பேரளம் ஜங்ஷனில் வண்டிக்காக எத்தனை மணி நேரம் கொட்டாவி விட்டிருக்கிறேன்! அந்த ஊரிலா இந்த வேகம்?

விசாரித்துப் பார்த்ததில் சங்கதி அத்தோடு நிற்கவில்லை. கொள்ளிடத்துக்கு வடகரையில், லால்குடிப் பக்கத்து ஆரோக்கிய ராஜீவ் 2014-ல் கொரியாவின் இன்சியான் நகரத்தில் 400 மீட்டரை 45.92 விநாடியில் ஓடி வெண்கலம் வாங்கியவர். 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் 3 நிமிஷம் 00.25 விநாடியில் ஓடி அன்றைய ஆசியச் சாதனையை ஏற்படுத்திய நால்வரில் ஒருவர். பிரவீன் சித்திரவேல் என்ற டெல்டாப் பிள்ளை 2023 மே மாதம் கியூபாவின் ஹவானாவில் மும்முறைத் தாண்டுதலில் 17.37 மீட்டர் தாண்டித் தேசியச் சாதனை செய்தார். தாண்டுதலுக்கும் ஓட்டத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கக்கூடாது. ஓடி வருகிற வேகந்தான் அங்கே தூரமாக மாறுகிறது.

மன்னார்குடியில் என் பழைய மாணவர் ஒருவர் சிறு பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி கொடுத்து வருகிறார். "ஒரு நாள் வந்து பாருங்கள், ஸார்" என்று மூன்று வருஷமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பேரளத்துச் செய்திக்கு அப்புறம் எனக்குச் சாக்குச் சொல்ல வாய் வரவில்லை. சென்ற வைகாசியில், கோடை விடுமுறை முடிவதற்கு ஒரு வாரம் இருக்கையில், ஒரு சனிக்கிழமை மாலை தஞ்சாவூரில் ரயில் ஏறினேன்.

சாலியமங்கலம், அம்மாபேட்டை தாண்டிக் கோவில்வெண்ணி. இந்த ஸ்டேஷனில் இறங்குகிறவர்களில் எத்தனை பேர் நினைத்துப் பார்க்கிறார்களோ தெரியாது; கரிகால் வளவன் சேரனையும் பாண்டியனையும் முறியடித்த வெண்ணிப் போர்க்களம் இதுதான். சேரன் பெருஞ்சேரலாதன் முதுகில் பட்ட புண்ணுக்கு நாணி, வடக்கிருந்து உயிர் விட்டான். தமிழனுக்கு ஓட்டம் என்றாலே அவமானம் என்ற எண்ணம் அன்றைக்கே வேரூன்றிவிட்டது போலிருக்கிறது! நம் புலவர்கள் ஓடுகிறவனை எங்கே பாடினாலும் அவன் புறமுதுகு காட்டியே ஓடுகிறான். முன்னே பார்த்து ஓடுகிறவனுக்கு ஒரு பரணி யாராவது இனிமேல்தான் பாடவேண்டும். இந்த யோசனையில் இருக்கும்போது டிக்கெட் பரிசோதகர் வந்தார். ராஜேஷ் ரமேஷை நினைத்துக்கொண்டு, வழக்கத்தைவிடச் சற்று மரியாதையாகவே டிக்கெட்டை நீட்டினேன்.

நீடாமங்கலத்தில் மூணாறு தலைப்பு. வெண்ணாறு இங்கேதான் பாமணியாறு, கோரையாறு இவற்றைப் பிரித்துக் கொடுத்துவிட்டு மேலே போகிறது. மதகுகள் எல்லாம் சும்மா நின்றன. மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான தேதியாகிய ஜூன் 12-க்கு இன்னும் நாள் இருந்தது. ஆறு முழுவதும் மணலும், கோரையும், ஆடுகளுந்தான்.

மன்னார்குடி மதில் அழகு என்பார்கள். ராஜகோபால ஸ்வாமி கோவில் மதிலை இருட்டில் பார்த்துவிட்டு, மாணவர் வீட்டில் சாப்பிட்டுப் படுத்தேன். விடியற்காலம் ஐந்து மணிக்கு அவர் எழுப்பினார்.

மைதானம் ஊருக்கு வெளியே. மண் தரைதான். சுண்ணாம்பால் ஆறு கோடு போட்டிருந்தது. பத்து வயது முதல் பதினேழு வயது வரையில் இருபது பிள்ளைகள் இருப்பார்கள். பாதிக்கு மேல் பெண் குழந்தைகள். முக்காலே மூன்று வீசம் விவசாயக் கூலிகளின் வீட்டுப் பிள்ளைகள் என்று மாணவர் சொன்னார். என் காலத்து டிரில் மாஸ்டர் மாதிரி இவர் விசிலை ஊதி, "மைதானத்தைப் பத்துச் சுற்றுச் சுற்றி வா!" என்று விரட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. பிள்ளைகள் கொஞ்சம் மெள்ள ஓடினார்கள். முழங்காலை இடுப்பு வரை தூக்கித் தூக்கி நடந்தார்கள். கொக்கு வயலில் நடப்பது போல் இருந்தது. பிறகு ஒவ்வொருவராகக் கோட்டருகில் குனிந்து, கைதட்டியதும் பாய்ந்து, 30 மீட்டர் ஓடினார்கள். அவ்வளவுதான்! ஓடி முடித்தவர்கள் வேப்பமரத்தடிக்குப் போய் உட்கார்ந்துவிட்டார்கள்.

ஒரு நிமிஷம் ஆயிற்று. இரண்டு நிமிஷம் ஆயிற்று. எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏனப்பா, இப்படி உட்காரவைத்தால் பிள்ளைகள் சோம்பேறிகளாகிவிட மாட்டார்களா? ஒரு மணி நேரத்தில் ஆறு தடவைதான் ஓட வைப்பாய் போலிருக்கிறதே?"

"ஏழு தடவை, ஸார்" என்றார் அவர், சிரித்துக்கொண்டே. "உங்கள் வீட்டில் நிலம் உண்டே? வயலில் எந்நேரமும் தண்ணீரைத் தேக்கியா வைப்பீர்கள்? காய்ச்சலும் பாய்ச்சலுமாக அல்லவா விடுவீர்கள்?"

டெல்டாக்காரனுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. ஆனாலும் மற்ற ஜில்லா நேயர்களுக்காகச் சொல்கிறேன். நெல் வயலில் ஒரு தடவை தண்ணீர் பாய்ச்சினால், அது சுண்டி, மண் மயிரிழையாக வெடிக்கத் தொடங்குகிற சமயம் பார்த்து மறுபடி பாய்ச்ச வேண்டும். அந்தக் காய்ச்சலில்தான் வேர் கீழே இறங்கும், பயிர் தூர் கட்டும். சதா தண்ணீரில் நிற்கிற பயிரின் வேர் அழுகும்.

தேகத்திலும் விஷயம் ஏறக்குறைய அப்படித்தான் என்பதைப் பிற்பாடு புஸ்தகங்களைப் புரட்டி உறுதி செய்துகொண்டேன். முழு மூச்சாகப் பாய்கிறபோது தசை தன்னிடம் முன்பே சேர்த்து வைத்திருக்கிற உடனடிச் சரக்கைச் செலவு செய்கிறது. அந்தச் சரக்குச் சில விநாடிகளில் பெரும்பாலும் தீர்ந்துவிடும். மறுபடி நிரம்புவதற்குப் பல நிமிஷங்கள் பிடிக்கும். 10 மீட்டர் ஓட்டத்துக்கு ஒரு நிமிஷம் ஓய்வு என்பது பயிற்சியாளர்கள் கையாளும் உத்தேசக் கணக்கு. நிரம்புவதற்கு முன்னால் விரட்டினால் பிள்ளை ஓடத்தான் ஓடும், மெதுவாக ஓடும். "மெதுவாக ஓடுவதை நூறு தடவை பழக்கினால், ஸார், மெதுவாக ஓடுவதில் கெட்டிக்காரனாகிவிடுவான்" என்றார் என் மாணவர். இருபது வருஷமாகத் தேர்வுக்கு முன் ராத்திரி பகலாகப் பிள்ளைகளைக் கணக்குப் போடவைத்தவன் நான். இந்த வார்த்தை கொஞ்சம் உறைத்தது.

பிறகு தம்முடைய கைபேசியைக் கொண்டு வந்து காட்டினார். ஒரு சிறுமி ஓடுவதைப் படம் பிடித்து, ஆமை வேகத்தில் திருப்பி ஓட்டினார். அவள் பாதம் தரையைத் தொடுவதும் எழும்புவதும் கண்ணுக்குப் புலப்பட்டது.

வேகமாக ஓடுகிறவன் காலை வேகமாக வீசுகிறான் என்றுதான் நாம் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். 2000-ஆம் ஆண்டில் பீட்டர் வேயண்ட் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளரும் அவர் சகாக்களும் அளந்து பார்த்து வேறு முடிவைச் சொன்னார்கள். வேகமானவனும் மந்தமானவனும் தத்தம் உச்ச வேகத்தில் காலைக் காற்றில் வீசி முன்னே கொண்டுவருவதற்கு ஏறக்குறைய ஒரே நேரத்தைத்தான் எடுத்துக்கொள்கிறார்களாம். வித்தியாசம் தரையில் இருக்கிறது. சிறந்த ஓட்டக்காரரின் பாதம் தரையில் தங்குவது விநாடியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதற்குள் தம் எடையைப்போல் பல மடங்கு விசையோடு பூமியை உதைத்துவிடுகிறார். நாம் காற்றோடு போராடுவதாக நினைக்கிறோம். காரியம் மண்ணோடு நடக்கிறது.

கணக்கு வாத்தியாருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. ஜமைக்கா தேசத்து உசேன் போல்ட் 2009-ல் பெர்லினில் 100 மீட்டரை 9.58 விநாடியில் ஓடினபோது எடுத்து வைத்தது 41 எட்டுக்கள். அதாவது எட்டு ஒன்றுக்குச் சராசரி 2.44 மீட்டர், விநாடிக்கு நாலே கால் எட்டு. மணலில் குச்சியால் எழுதிக் காட்டினேன். பிள்ளைகள் சுற்றி நின்று பார்த்தார்கள். ஒரு பையன் 2.44 மீட்டரை அளந்து கோடு கிழித்து, அதைத் தாண்டப் பார்த்து விழுந்தான். நம் தேசத்தில் 100 மீட்டருக்கு அனிமேஷ் குஜூர் என்ற சத்தீஸ்கர் வாலிபர் 2025 ஜூலையில் கிரீஸ் நாட்டில் 10.18 விநாடியில் ஓடித் தேசியச் சாதனையைப் புதுப்பித்தார். போல்ட்டுக்கும் அவருக்கும் வித்தியாசம் விநாடியில் பத்தில் ஆறு பங்கு. தூரத்தில் சுமார் ஆறு மீட்டர். ஒரு மாட்டுவண்டி மாடுகளோடு நிற்கிற இடம்! அந்த இடத்தை எட்ட நமக்கு எத்தனை தலைமுறை ஆகுமோ என்று பெருமூச்சு வருகிறது. கல்கத்தாவில் பிறந்த நார்மன் பிரிட்சார்ட் 1900-ல் பாரிஸில் 200 மீட்டர் ஓட்டத்திலும் 200 மீட்டர் தடை ஓட்டத்திலும் இரண்டு வெள்ளி பெற்றார். அதற்குப் பின் 2024 பாரிஸ் ஒலிம்பிக் வரையில் ஓட்டப் பந்தயம் எதிலும் பாரத தேசத்துக்கு ஒலிம்பிக் பதக்கம் இல்லை. 1960-ல் ரோமில் மில்கா சிங் 400 மீட்டரில் நாலாவது. 1984-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் பி.டி.உஷா தடை ஓட்டத்தில் நாலாவது. மூன்றாமிடம் கைநழுவியது விநாடியில் நூறில் ஒரு பங்கால்!

வெயில் ஏறுமுன் ஆற்றங்கரைக்குப் போனோம். மேட்டில் ஏறி ஓடினால் தொடைக்கு வலுவேறும் என்பது எல்லா தேசத்துப் பயிற்சியாளர்களுக்கும் தெரிந்த விஷயம். ஆனால் தஞ்சாவூர்ச் சீமையில் மேட்டுக்கு எங்கே போவது? இங்கே ஆற்றங்கரைதான் மலை. பாமணியாற்றின் கரைச் சரிவில், கீழே மணலிலிருந்து மேலே சாலை வரைக்கும், பிள்ளைகள் ஒவ்வொருவராக ஏறி ஓடினார்கள். பெரிய பையன்கள் இடுப்பில் கயிறு கட்டி, லாரியின் பழைய டயரை மணலில் இழுத்துக்கொண்டு ஓடினார்கள். டயர் ரொம்பக் கனமாக இருந்தால் ஓட்டத்தின் லட்சணமே மாறிவிடும், உழுகிற மாடு போல் ஆகிவிடுவான் என்று மாணவர் எச்சரித்தார். கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி, "பெற்ற பிள்ளையை மாடாக்கிப் பார்க்கிறானே!" என்று என்னிடம் முறையிட்டாள்.

மாடு என்றதும் கர்நாடகத்துக் கம்பளாப் பந்தயம் ஞாபகம் வந்தது. 2020 பிப்ரவரியில் ஸ்ரீநிவாச கௌடா என்பவர் சேற்று வயலில் எருமைகளோடு 142.5 மீட்டரை 13.62 விநாடியில் ஓடினார். யாரோ வகுத்துப் பார்த்து, நூறு மீட்டருக்கு 9.55 விநாடி, போல்ட்டை மிஞ்சிவிட்டார் என்று தேசமெங்கும் ஆரவாரம் செய்தார்கள். சோதித்துப் பார்க்கலாம் வாருங்கள் என்று விளையாட்டு அதிகாரிகள் அழைத்தார்கள். அவர் புத்திசாலி, போகவில்லை. என் மாணவரின் அபிப்பிராயம்: "எருமை இழுக்கிறதே, ஸார்! ஏர் பிடிக்கிறவனுக்கு மாட்டின் வேகத்தையும் சேர்த்துக் கணக்கு எழுதினால் எப்படி?" ஆளைக் கயிற்றால் முன்னே இழுத்துத் தன் சக்திக்கு மேல் ஓடப் பழக்குவதும் பயிற்சியில் ஒரு முறைதானாம். ஆனால் அதைச் சிறு பிள்ளைகளிடம் அவர் செய்வதில்லை.

குறுக்கு வழி ஒன்று உண்டு. 1988-ல் ஸியோலில் 9.79 விநாடியில் ஓடிவிட்டு, மூன்று நாளில் பதக்கத்தைத் திருப்பிக் கொடுத்தாரே பென் ஜான்ஸன், அந்த வழி. நம் தேசத்திலும் மருந்து தின்று மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. இதைப்பற்றி நான் பேச்செடுத்ததும் மாணவர் முகம் வாடிவிட்டது. "வயிற்றுக்கு வேண்டியது கிடைக்காத பிள்ளையிடம் எவனாவது வந்து ஊசியைக் காட்டினால் என்ன செய்வது, ஸார்?" என்றார். அவர் கூடையில் அவித்த முட்டையும் வேர்க்கடலையும் வைத்திருந்தார். பயிற்சி முடிந்ததும் ஆளுக்கு ஒன்று. பள்ளிக்கூடத்து மதிய உணவில் வருகிற முட்டையை விட்டால், அந்தப் பிள்ளைகளில் பலருக்கு ஓடத் தேவையான தசை வளர வேறு கதியில்லை. கரைத்துக் குடித்த பழஞ்சோறு வயிற்றை நிரப்பும், தொடையை நிரப்பாது.

கரையில் உட்கார்ந்து முட்டை உரித்துக்கொண்டிருக்கையில், சாதாரணமாகத்தான் கேட்டேன்: "நீகூடப் பள்ளிக்கூடத்தில் நன்றாக ஓடுவாயே? எத்தனை விநாடியில் ஓடினாய்?"

"யாரும் அளந்ததில்லை, ஸார்."

"ஏன், ஜில்லாப் போட்டிக்குப் பெயர் கொடுத்தாயே?"

"கொடுத்தேன். அன்றைக்கு உங்கள் வகுப்பில் இருந்தேன்."

கோபமாகச் சொல்லவில்லை. முட்டை ஓட்டைக் கையில் நொறுக்கிக்கொண்டே சொன்னார். எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. பத்தாம் வகுப்பு, அரைப்பரீட்சைக்கு முந்தைய வாரம். லீவுச் சீட்டை நான்தான் திருப்பிக் கொடுத்தேன். "ஓடி என்ன கலெக்டர் ஆகப் போகிறாயா?" என்று கேட்டதும் நான்தான். வகுப்பே சிரித்தது. அந்த வருஷம் தேகப்பயிற்சி மணிகள் முழுவதும் நான் அல்ஜீப்ராவுக்கு எடுத்துக்கொண்டேன். அவருக்குக் கணக்கில் 81 மார்க்கு வந்தது. அந்த 81-ஐ நான் வெகு நாள் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

வாய் திறந்து ஏதாவது சொல்ல வேண்டும் என்று பார்த்தேன். அதற்குள் அவர் எழுந்து, "வாருங்கள், ஸார், உங்களுக்கு ஒரு வேலை இருக்கிறது" என்று மைதானத்துக்கு அழைத்துப் போனார்.

பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி. தாயார் நடவுக்குப் போகிறவள். பள்ளிக்கூடம் திறந்தால் இவளுக்கும் பத்தாம் வகுப்பு. காலையில் ஸ்பெஷல் வகுப்பு, மாலையில் ஸ்பெஷல் வகுப்பு. அப்புறம் மைதானத்துக்கு வருவது சந்தேகந்தான். விடுமுறை முடிவதற்குள் ஒரு தரம் முழு 100 மீட்டரும் ஓடவைத்துக் குறித்துக்கொள்ள வேண்டும் என்பது மாணவரின் ஆசை. என் கையில் ஒரு ஸ்டாப் வாட்சைக் கொடுத்து முடிவுக் கோட்டருகில் நிறுத்தினார். அவர் அந்தக் கோடியில் நின்று கையை உயர்த்தினார். கை இறங்கியதும் நான் பொத்தானை அமுக்கினேன்.

அவள் முதலில் தலையைக் குனிந்தபடியே வந்தாள். முப்பது மீட்டருக்கு மேல் மெள்ள நிமிர்ந்தாள். எல்லோரும் கடைசி வரையில் வேகம் கூடிக்கொண்டே போகும் என்று நினைக்கிறோம். உண்மையில் உச்சவேகம் நடுவிலேயே வந்துவிடுகிறது. கடைசிப் பகுதியில் எல்லோருமே தளர்கிறார்கள். குறைவாகத் தளர்கிறவர் ஜயிக்கிறார். இதெல்லாம் காலையில் கற்றுக்கொண்ட பாடம். ஆனால் அவள் என்னைக் கடந்து போனபோது ஒரு பாடமும் ஞாபகம் இல்லை. மண் என் வேஷ்டியில் தெறித்தது.

"13.4!" என்று கத்தினேன்.

மாணவர் மூச்சிறைக்க வந்து கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு நோட்டுப் புஸ்தகத்தில் 13.64 என்று எழுதிக்கொண்டார்.

"ஏனப்பா, நான் சரியாகத்தானே அமுக்கினேன்?"

"சரிதான், ஸார். கையால் அளந்தால் 24-ஐக் கூட்ட வேண்டும். புறப்படும்போது கண் பார்த்து விரல் அமுக்கச் சற்று நேரமாகும். முடிவில் ஆள் வருவதைப் பார்த்துக்கொண்டே இருப்பதால் விரல் முந்திக்கொள்ளும். மின்சாரக் கடிகாரத்தோடு ஒப்பிட்டால் நூறு மீட்டருக்கு 0.24 விநாடி வித்தியாசம் என்று வைத்திருக்கிறார்கள்."

அந்தப் பெண் பக்கத்தில் வந்து நின்று, இரண்டு எண்களையும் பார்த்தாள். "எனக்கு எது, ஸார்?" என்று என்னைக் கேட்டாள். பெரிய எண்தான் உனக்கு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "இரண்டையும் எழுதிக்கொள், அம்மா" என்றேன்.

மத்தியான வண்டியில் திரும்பினேன். கோவில்வெண்ணி தாண்டினபின் மூக்குக் கண்ணாடியை எடுப்பதற்காகச் சட்டைப் பையில் கையை விட்டால், கையில் ஸ்டாப் வாட்ச் வந்தது. கழுத்துக் கயிற்றோடு அப்படியே கொண்டு வந்துவிட்டேன். உடனே மாணவருக்குப் போன் செய்து, அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானே கொண்டு வந்து கொடுக்கிறேன் என்று சொன்னேன்.

"வாருங்கள், ஸார். ஆனால் கடிகாரம் இருக்கட்டும்" என்றார். "பள்ளிக்கூடம் திறக்கப் போகிறதே, உங்களுக்கு வேண்டியிருக்கும்."